எல்.ஈ.டி நியான் ஃபிளெக்ஸ் எழுத்துப் பலகை

எல்.ஈ.டி நியான் ஃபிளெக்ஸ் எழுத்துப் பலகை என்பது, வளையக்கூடிய சிலிக்கோன் அல்லது பி.வி.சி உறைக்குள் எல்.ஈ.டி பட்டையைப் பொருத்தி, அதனை எழுத்து அல்லது ஓவிய வடிவில் வளைத்து ஒரு பலகையின் மீது ஒட்டிச் செய்யப்படும் ஒளிரும் பெயர்ப்பலகை ஆகும். பார்வைக்குப் பழைய நியான் கண்ணாடிக் குழாய் விளக்கைப் போலத் தோன்றினாலும், இதில் நியான் வாயு இல்லை. 12 அல்லது 24 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இயங்குவதால், அடிப்படை மின்னியல் தெரிந்த எவரும் இதை வீட்டிலேயே செய்ய இயலும். கடைப் பெயர், குழந்தையின் பெயர், படிப்பறைச் சொற்கள், விழா மேடை அலங்காரம் ஆகியவற்றுக்கு இத்தகைய பலகைகள் பயன்படுகின்றன.

பெயரும் பின்னணியும்

நியான் வாயுவை 1898 ஆம் ஆண்டில் வில்லியம் ராம்சே, மோரிசு டிராவர்சு ஆகிய இருவரும் இலண்டனில் கண்டறிந்தனர். பிரான்சு நாட்டுப் பொறியாளர் ஜார்ஜ் குளோடு, 1910 டிசம்பரில் பாரிசு மோட்டார் வாகனக் கண்காட்சியில் நியான் குழாய் விளக்குகளைப் பொதுமக்களுக்குக் காட்டினார். 1915 இல் அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் திரையரங்குகள், உணவகங்கள், கடைத் தெருக்கள் ஆகியவற்றின் அடையாளமாகவே நியான் விளக்கு மாறியது.

கண்ணாடி நியான் விளக்கைச் செய்வது தனித் தொழில். கண்ணாடிக் குழாயைத் தீச்சுடரில் இளக்கி, எழுத்து வடிவில் வளைத்து, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, குறைந்த அழுத்தத்தில் வாயுவை நிரப்ப வேண்டும். நியான் வாயு செம்மஞ்சள் ஒளியைத் தரும். நீலம் போன்ற நிறங்களுக்கு ஆர்கானுடன் சிறிதளவு பாதரச ஆவி சேர்க்கப்படுகிறது. குழாய் ஒளிர ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் தேவை. உடையும் கண்ணாடி, உயர் மின்னழுத்தம், பாதரசம் ஆகிய மூன்றும் இருப்பதால் அது வீட்டில் செய்யத் தக்க வேலை அன்று.

எல்.ஈ.டி இந்த நிலையை மாற்றியது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைத் தரும் எல்.ஈ.டியை 1962 இல் நிக் கோலோன்யாக் உருவாக்கினார். ஒளி மிகுந்த நீல எல்.ஈ.டி 1990களில்தான் கைகூடியது. அதற்காக இசாமு அகாசாகி, இரோசி அமானோ, சூசி நாகமுரா ஆகியோருக்கு 2014 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீல எல்.ஈ.டியின் மேல் மஞ்சள் ஒளிரும் பொருளைப் பூசியே வெள்ளை எல்.ஈ.டி செய்யப்படுகிறது. எனவே இன்று கிடைக்கும் பல நிற நியான் ஃபிளெக்ஸ் பட்டைகளுக்கு அந்தக் கண்டுபிடிப்பே அடிப்படை.

உள்ளமைப்பு

நியான் ஃபிளெக்ஸ் இரண்டு பகுதிகளால் ஆனது. முதலாவது, மெல்லிய வளையும் மின்சுற்றுப் பட்டை. அதில் சிறிய எல்.ஈ.டிகளும் மின்தடையங்களும் வரிசையாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். இரண்டாவது, ஒளியைப் பரப்பும் பால் நிற உறை. எல்.ஈ.டிகள் தனித்தனிப் புள்ளிகளாக எரிந்தாலும், உறை அந்த ஒளியைச் சிதறடித்து ஒரே தொடர்ச்சியான கோடாகக் காட்டுகிறது. எல்.ஈ.டிகள் நெருக்கமாக இருந்தால்தான் இது சரியாக நிகழும். மீட்டருக்கு 120 எல்.ஈ.டிகள் உள்ள பட்டைகள் பரவலாகப் பயன்படுகின்றன.

சந்தையில் 6 மி.மீ. அகலமும் 12 மி.மீ. உயரமும் கொண்ட பட்டை, எழுத்து வேலைக்கு மிகுதியாக விற்பனையாகிறது. 8 மி.மீ., 16 மி.மீ. அளவுள்ள தடித்த பட்டை பெரிய எழுத்துகளுக்கு ஏற்றது. உறையும் பட்டையும் ஒன்றாக வார்க்கப்பட்ட வகை, உறையிலிருந்து பட்டையைப் பிரித்தெடுக்கக்கூடிய வகை என இரு வகைகள் உண்டு. பிரிக்கக்கூடிய வகையில் சால்டரிங் செய்வது எளிது; ஒரு துண்டு பழுதானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஆகவே முதன்முறை செய்பவர்களுக்கு அதுவே பொருத்தமானது.

பட்டை எந்தத் திசையில் வளையும் என்பதையும் வாங்கும் முன் பார்க்க வேண்டும். சில வகைகள் பக்கவாட்டில் வளையும். சில வகைகள் மேலும் கீழுமாக மட்டுமே வளையும். எழுத்துகளுக்கு, ஒளிரும் முகம் பார்ப்பவரை நோக்கியிருக்கும்போதே பக்கவாட்டில் வளையும் வகை தேவை. மாறான திசையில் வலிந்து வளைத்தால் உள்ளே இருக்கும் செப்புத் தடம் முறிந்துவிடும்.

வெட்டுக்குறியும் அதன் காரணமும்

பட்டையின் மீது குறிப்பிட்ட இடைவெளியில் கத்தரிக்கோல் குறி அல்லது கோடு அச்சிடப்பட்டிருக்கும். அந்த இடத்தில் மட்டுமே பட்டையை வெட்ட வேண்டும். மீட்டருக்கு 120 எல்.ஈ.டிகள் உள்ள 12 வோல்ட் வெள்ளைப் பட்டையில் இந்த இடைவெளி பெரும்பாலும் 2.5 செ.மீ. ஆகும்.

இதன் காரணம் எளியது. ஒரு வெள்ளை எல்.ஈ.டிக்கு ஏறத்தாழ 3 வோல்ட் தேவை. மூன்று எல்.ஈ.டிகளைத் தொடராக இணைத்தால் 9 வோல்ட் ஆகிறது. எஞ்சிய 3 வோல்ட்டை ஒரு மின்தடையம் ஏற்றுக்கொள்கிறது. 150 ஓம் மின்தடையம் இருந்தால், 3 வோல்ட்டை 150 ஆல் வகுக்க, 0.02 ஆம்பியர், அதாவது 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் பாயும். மூன்று எல்.ஈ.டிகளும் ஒரு மின்தடையமும் சேர்ந்த இந்தத் தொகுதியே ஓர் அலகு. இத்தகைய அலகுகள் பட்டை நெடுகிலும் பக்க இணைப்பில் அமைந்துள்ளன. குறியில் வெட்டினால் இரு பக்கமும் முழு அலகுகளாக இருக்கும். குறி தவறி வெட்டினால் அந்த ஓர் அலகின் சுற்று அறுபட்டு, 2.5 செ.மீ. நீளம் இருண்டுவிடும், மற்றவை எரியும்.

24 வோல்ட் பட்டையில் ஓர் அலகில் பெரும்பாலும் ஆறு எல்.ஈ.டிகள் இருப்பதால் வெட்டு இடைவெளி இரு மடங்காகிறது. சிவப்பு, மஞ்சள் எல்.ஈ.டிகளுக்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும் என்பதால், அந்நிறப் பட்டைகளின் மின்தடையமும் வெட்டு இடைவெளியும் வேறுபடலாம். சிறிய எழுத்துகளுக்கு 12 வோல்ட் பட்டையே வசதியானது.

எழுத்து வடிவமைப்பு

நியான் ஃபிளெக்ஸ் ஒரே தடிமன் கொண்ட கோடு. எனவே தடித்தும் மெலிந்தும் வரும் அச்சு எழுத்துருக்கள் இதற்குப் பொருந்தா. எழுதுகோலால் எழுதியது போன்ற ஒற்றைக் கோட்டு வடிவமே தேவை.

தமிழ் எழுத்துகளை அமைக்கும்போது சில தனிச் சிக்கல்கள் எழுகின்றன. ப, ட ஆகியவற்றில் செங்கோண மூலைகள் உள்ளன. பட்டையைச் செங்கோணத்தில் மடக்கக் கூடாது. மூலையைச் சற்று வளைவாக மாற்றலாம்; அல்லது மூலையில் பட்டையை வெட்டி, இரு துண்டுகளையும் பலகையின் பின்புறம் கம்பியால் இணைக்கலாம். ண, ஞ, ஐ போன்ற எழுத்துகளில் சுழிகள் நெருக்கமாக வரும். அவற்றைச் சிறிய அளவில் செய்தால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி எழுத்து தெளிவின்றிப் போகும். இவ்வெழுத்துகள் உள்ள சொற்களுக்கு எழுத்தின் உயரத்தைக் கூட்ட வேண்டும்.

புள்ளியை விட்டுவிடுவது அடிக்கடி நிகழும் பிழை. புள்ளி மற்ற கோடுகளிலிருந்து பிரிந்து நிற்பதால் அதற்கெனத் தனித் துண்டும் தனிக் கம்பியும் தேவைப்படுகின்றன. அந்த வேலையைத் தவிர்க்க அதை விட்டுவிட்டால் சொல்லே மாறிவிடும்: ‘பல் மருத்துவர்’ என்பது ‘பல மருத்துவர்’ ஆகிவிடும். ஓர் அலகு நீளமுள்ள, அதாவது 2.5 செ.மீ. துண்டைப் புள்ளியாக வைக்கலாம். இடம் இருந்தால் 15 செ.மீ. துண்டை ஏறத்தாழ 4.8 செ.மீ. விட்டமுள்ள சிறு வளையமாகவும் அமைக்கலாம்.

கணினியில் வடிவமைத்தால் அச்செடுக்கும் முன் எழுத்துகளைச் சரிபார்ப்பது இன்றியமையாதது. தமிழ் எழுத்துச் சேர்க்கையை ஆதரிக்காத வரைகலை மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறி விழுவதுண்டு. காகிதத்தில் கையால் எழுதி அதையே வார்ப்பாகப் பயன்படுத்துவதும் நல்ல வழியாகும்.

தேவையான பொருட்கள்

- 12 வோல்ட் நியான் ஃபிளெக்ஸ் பட்டை
- 12 வோல்ட் அடாப்டர்
- 5 மி.மீ. தடிமனுள்ள அக்ரிலிக் தகடு அல்லது ஒட்டுப்பலகை
- 0.5 சதுர மி.மீ. சிவப்பு, கறுப்பு மின்கம்பிகள்
- சால்டரிங் அயன், ஈயக் கம்பி, ஃபிளக்ஸ்
- சூட்டில் சுருங்கும் காப்புக் குழாய்
- நடுநிலை வகை சிலிக்கோன் பசை
- துளையிடும் கருவி, கூரிய கத்தி, மல்டிமீட்டர்
- வார்ப்புக் காகிதம், நூல், அளவுகோல்

மின்வழங்கியைக் கணக்கிடுதல்

எடுத்துக்காட்டாக, 20 செ.மீ. உயரத்தில் ‘படம்’ என்ற சொல்லைச் செய்வதாகக் கொள்ளலாம். காகிதத்தில் எழுதிய கோட்டின் மீது நூலை வைத்து, பின்னர் நூலை நீட்டி அளந்தால் ஒவ்வோர் எழுத்தின் நீளமும் கிடைக்கும். அதனை 2.5 இன் மடங்காக மாற்றிக்கொள்ள வேண்டும். ப 60 செ.மீ., ட 40 செ.மீ., ம 80 செ.மீ., புள்ளி 2.5 செ.மீ. எனில், அலகுகளின் எண்ணிக்கை முறையே 24, 16, 32, 1, மொத்தம் 73.

ஓர் அலகுக்கு 0.02 ஆம்பியர் வீதம் 73 அலகுகளுக்கு 1.46 ஆம்பியர் தேவை. அதனை 12 வோல்ட்டால் பெருக்கினால் 17.52 வாட். அடாப்டரை அதன் முழுத் திறனில் எந்நேரமும் இயக்கினால் மிகுதியாகச் சூடாகும். ஆகவே அதன் திறனில் 80 விழுக்காட்டுக்குள் பயன்படுத்துவது வழக்கம். 17.52 ஐ 0.8 ஆல் வகுத்தால் 21.9 வாட். எனவே 12 வோல்ட், 2 ஆம்பியர், அதாவது 24 வாட் அடாப்டர் இப்பலகைக்குப் போதுமானது. வாங்கிய பட்டையின் உறையில் மீட்டருக்கு இத்தனை வாட் என்று அச்சிடப்பட்டிருந்தால் அந்த எண்ணைக் கொண்டே கணக்கிட வேண்டும்.

ஆம்பியர் கூடுதலாக உள்ள அடாப்டரைப் பயன்படுத்தினால் பட்டை கெடாது. பட்டை தனக்கு வேண்டிய மின்னோட்டத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். ஆனால் வோல்ட் மாறக் கூடாது. 12 வோல்ட் பட்டைக்கு 24 வோல்ட் கொடுத்தால், எல்.ஈ.டிகளுக்கான 9 போக, 15 வோல்ட் மின்தடையத்தின் மீது விழும். மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியரிலிருந்து 100 மில்லி ஆம்பியர் அளவுக்கு ஏறி, பட்டை விரைவில் கருகிவிடும்.

செய்முறை

முதலில், வாங்கிய பட்டை முழுவதையும் அடாப்டரில் இணைத்து எரியவிட்டுப் பார்க்க வேண்டும். வெட்டிய பின் பழுது தெரிந்தால் கடையில் மாற்ற இயலாது. பட்டை சுருளாக இருக்கும்போது வெப்பம் வெளியேறாது என்பதால், சோதனையைச் சில நொடிகளில் முடித்துக்கொள்ள வேண்டும்.

வார்ப்புக் காகிதத்தைப் பலகையின் மீது ஒட்டி, ஒவ்வோர் எழுத்தின் தொடக்கத்திலும் 5 மி.மீ. துளை இட வேண்டும். அக்ரிலிக் தகட்டின் பாதுகாப்புத் தாளை அப்போதே உரிக்கக் கூடாது. தகட்டின் அடியில் மரத்துண்டை வைத்து, மெதுவான வேகத்தில், அழுத்தாமல் துளையிட்டால் விரிசல் விழாது.

அடுத்து, அளந்த நீளங்களில் பட்டையை வெட்டுக்குறியில் வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் உள்ள இரு செப்புத் தட்டுகளில் ஃபிளக்ஸ் தடவி, சிறிது ஈயம் ஏற்றி, + குறியில் சிவப்புக் கம்பியையும் − குறியில் கறுப்புக் கம்பியையும் பற்றவைக்க வேண்டும். ஏறத்தாழ 350 பாகை செல்சியசு வெப்பத்தில், அயனை இரண்டு மூன்று நொடிகளுக்கு மேல் வைக்காமல் எடுத்துவிட வேண்டும். கூடுதல் நேரம் வைத்தால் செப்புத் தட்டு பட்டையிலிருந்து உரிந்துவிடும். இரு தட்டுகளின் ஈயமும் ஒன்றையொன்று தொடக் கூடாது.

ஒவ்வொரு துண்டையும் ஒட்டுவதற்கு முன் தனித்தனியே எரியவிட்டுச் சோதிக்க வேண்டும். பின்னர் கம்பிகளைத் துளை வழியாகப் பின்புறம் செலுத்தி, பட்டையைக் கோட்டின் மீது வைத்து ஒட்ட வேண்டும். சிலிக்கோன் உறையின் மீது சாதாரண உடனடிப் பசை பிடிக்காது. சிலிக்கோன் பசையே பிடிக்கும். புளிவாடை வீசும் சிலிக்கோன் பசை உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். அது செப்பை அரிக்கும் என்பதால் நடுநிலை வகையைப் பயன்படுத்துவது நல்லது. பி.வி.சி உறைக்கு உடனடிப் பசை பொருந்தும். ஆனால் அதன் ஆவி அக்ரிலிக்கில் வெண்படலத்தை ஏற்படுத்தலாம். பசை உலரும் வரை ஒட்டுநாடாவால் பட்டையைப் பிடித்துவைத்து, ஒரு நாள் அசையாமல் விட வேண்டும்.

இறுதியாக, பின்புறத்தில் எல்லாச் சிவப்புக் கம்பிகளையும் ஒன்றாகவும், எல்லாக் கறுப்புக் கம்பிகளையும் ஒன்றாகவும் இணைத்து, அடாப்டருக்குச் செல்லும் கம்பியுடன் சேர்க்க வேண்டும். இது பக்க இணைப்பு. ஆகவே ஓர் எழுத்து பழுதானாலும் மற்றவை எரியும். இணைப்புகள் அனைத்தையும் காப்புக் குழாயால் மூடிய பின், மல்டிமீட்டரின் ஒலிச் சோதனையில் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே தொடர்பு இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் விரும்பினால், அடாப்டருக்கும் பலகைக்கும் இடையில் 12 வோல்ட் எல்.ஈ.டி டிம்மரை இணைக்கலாம். அது மின்சாரத்தை மிக விரைவாக நிறுத்தி நிறுத்தி அனுப்பி ஒளியைக் குறைக்கிறது. மின்விசிறி ரெகுலேட்டரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. சாதாரண அடாப்டர்கள் அதனால் பழுதாகும்.

மின்னழுத்த வீழ்ச்சி

நீளமான பட்டையில் தொடக்கம் பளிச்சென்றும் கடைசி மங்கலாகவும் எரிவதுண்டு. பட்டையின் செப்புத் தடத்துக்கும் சிறிதளவு மின்தடை இருப்பதே இதற்குக் காரணம். மின்னோட்டம் தடத்தில் செல்லச் செல்ல மின்னழுத்தம் குறைகிறது. கடைசி அலகுக்கு 12 க்குப் பதில் 11 வோல்ட் சென்றடைந்தால், எல்.ஈ.டிகளுக்கான 9 போக மின்தடையத்துக்கு 2 வோல்ட் மட்டுமே மிஞ்சும். அதனால் மின்னோட்டம் 20 இலிருந்து ஏறத்தாழ 13 மில்லி ஆம்பியராகக் குறையும். ஒரு வோல்ட் இழப்பே ஒளியில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கக் காரணம் இதுதான்.

இதைத் தவிர்க்க, 12 வோல்ட் பட்டையை ஒரே தொடராக 5 மீட்டருக்கு மேல் நீட்டக் கூடாது. நீளம் கூடினால் பல இடங்களில் தனிக் கம்பி மூலம் மின்சாரம் ஊட்டலாம். அல்லது 24 வோல்ட் பட்டையைத் தேர்ந்தெடுக்கலாம். 24 வோல்ட்டில் அதே திறனுக்குப் பாதி மின்னோட்டமே போதும் என்பதால் வீழ்ச்சியும் குறைவு.

பொதுவான கோளாறுகள்

- ஒரு துண்டு முழுவதும் எரியவில்லை: + மற்றும் − கம்பிகள் இடம் மாறியிருக்கலாம், அல்லது பற்றவைத்த இடம் விட்டிருக்கலாம்.
- 2.5 செ.மீ. நீளம் மட்டும் இருண்டுள்ளது: அந்த அலகில் ஓர் எல்.ஈ.டி அல்லது மின்தடையம் பழுதாகியுள்ளது.
- வளைவுக்கு அப்பால் எரியவில்லை: அதிகமாக வளைத்ததால் செப்புத் தடம் முறிந்துள்ளது. அந்த இடத்தில் வெட்டி மீண்டும் இணைக்க வேண்டும்.
- விட்டு விட்டு எரிகிறது: அடாப்டரின் திறன் போதவில்லை, அல்லது இணைப்பு தளர்ந்துள்ளது.

பாதுகாப்பு

12 வோல்ட் பகுதியைத் தொடுவதால் மின்னதிர்ச்சி ஏற்படுவதில்லை. ஆபத்து அடாப்டரின் மறுபுறத்தில், 230 வோல்ட் மின்சாரத்தில் உள்ளது. எனவே முழுவதும் மூடப்பட்ட, சுவர் பிளக்கில் நேரடியாகப் பொருத்தும் அடாப்டரையே பயன்படுத்த வேண்டும். துளைகள் கொண்ட உலோகப் பெட்டி வடிவ மின்வழங்கிகளில் 230 வோல்ட் திருகு முனைகள் வெளியே தெரியும். அவற்றுக்கு நில இணைப்பும் காப்புப் பெட்டியும் தேவை. அவற்றை மின்பணியாளரைக் கொண்டே பொருத்த வேண்டும்.

குறைந்த மின்னழுத்தத்திலும் தீப்பிடிக்கும் வாய்ப்பு உண்டு. சிவப்பும் கறுப்பும் எங்கேனும் தொட்டுக்கொண்டால் அடாப்டர் தரக்கூடிய முழு மின்னோட்டமும் மெல்லிய கம்பியில் பாய்ந்து அதைச் சூடாக்கும். தேவைக்கு மிக அதிக ஆம்பியர் உள்ள அடாப்டரை வாங்காமல் இருப்பதற்கு இதுவே காரணம். அக்ரிலிக் எரியக்கூடிய பொருள் என்பதால், பலகையைத் திரைச்சீலை, பூஜை விளக்கு, அடுப்பு ஆகியவற்றின் அருகில் மாட்டக் கூடாது. ஈயப் புகையை முகராமல் சன்னல் அருகே வேலை செய்வதும், ஈயத்தைத் தொட்ட கைகளைக் கழுவிய பின் உண்பதும் அவசியம்.

வீட்டுக்குள் மாட்டும் பலகைக்கு நீர்க்காப்பு தேவையில்லை. மழை படும் இடங்களில் ஐ.பி.65 அல்லது ஐ.பி.67 தரமுள்ள பட்டை வேண்டும். அப்போதும் வெட்டிய முனைகளை மூடியும் பசையும் கொண்டு அடைத்தால்தான் அந்தத் தரம் நிலைக்கும். அடாப்டரை வீட்டுக்குள்ளேயே வைக்க வேண்டும்.

மின்செலவும் பராமரிப்பும்

மேற்கண்ட ‘படம்’ பலகை 17.52 வாட் எடுத்துக்கொள்கிறது. அடாப்டரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்து 21 வாட் எனக் கொண்டால், நாளொன்றுக்கு 6 மணி நேரம் எரிய, 30 நாட்களில் ஏறத்தாழ 3.8 யூனிட் மின்சாரம் செலவாகும்.

எல்.ஈ.டியின் ஆயுளைக் குறைப்பது வெப்பமே. சுவருக்கும் பலகைக்கும் இடையே சிறிது இடைவெளி விட்டுத் திருகினால் காற்றோட்டம் கிடைக்கும். சிலிக்கோன் உறையில் தூசி எளிதில் படியும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஈரத்தைப் பிழிந்த மென்துணியால் துடைத்தால் போதும். அக்ரிலிக்கை ஆல்ககால் கலந்த திரவங்களால் துடைத்தால் நுண்விரிசல்கள் தோன்றும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.